பூநகரிப் பக்கத்துப் பன்ன வேலை வகுப்பு: பிழை விடப் பயப்படுகிற பிள்ளைகளுக்குச் சரிவருமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரமிருப்பவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள். பரந்தன் – பூநகரி வீதியிலிருந்து இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டு முற்றத்தில் ஞாயிறு காலைகளில் நடக்கிற பனையோலைப் பன்ன வேலை வகுப்பைப் பற்றியது இது. 13 வயதிலிருந்து 18 வயது வரையான பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கைவேலை பழக வேண்டும் என்று மட்டும் போனாலும் நல்ல வகுப்புத்தான். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒரு காரணத்துக்காக. எதைச் செய்தாலும் திறமாகத்தான் செய்ய வேண்டும், ஓர் இடத்தில் பிசகினாலும் முழுவதும் பாழ் என்று நினைத்து உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருக்கிற பிள்ளைகள் எங்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தவணைக்காவது இங்கே அனுப்பிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

படிப்பிக்கிறவர் 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பிள்ளைகள் எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. சந்தையில் பெட்டி, சுளகு விற்கிறவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நான் கூட்டிக்கொண்டு போனது என் அக்காவின் மகளை, என் பெறாமகளை. 15 வயது, 10ஆம் தரம். "பெயர் போடாட்டி எழுதுங்கோ சித்தி" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இவளுடைய சீ.ஆர். கொப்பி (தடித்த பாடக்கொப்பி) எதை எடுத்துப் பார்த்தாலும் அரைவாசி ஒற்றைகளைக் காணாது. தலைப்புக்குக் கீழே போட்ட கோடு கொஞ்சம் சரிந்துவிட்டால் அந்த ஒற்றையைக் கிழிப்பாள். தைத்த கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்தால் மறுபக்கத்தில் அதன் சோடி கழன்று வரும், அதில் போன மாதம் எழுதின பாடம் இருக்கும், அதைத் திரும்ப வேறு இடத்தில் எழுதுவாள், எழுதும்போது எங்காவது பேனை இழுபட்டால் அதையும் கிழிப்பாள். இரவு 12 மணிக்கும் அறையில் வெளிச்சம் தெரியும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறாள் போலத்தான் இருக்கும், ஆனால் அந்த நேரம் முழுவதும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப அழகாக எழுதுவதிலேயே போய்விடும். ஆங்கிலக் கட்டுரை என்றால் முதல் வசனம் மனசுக்குப் பிடித்த மாதிரி வரவில்லை என்று இரண்டாம் வசனத்துக்கே போவதில்லை. வகுப்பில் விடை தெரிந்த கேள்விக்கும் கை உயர்த்த மாட்டாள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த வலைப்பந்தையும் விட்டுவிட்டாள். கணிதத்தில் 92 எடுத்த நாளன்று சாப்பிடாமல் போய்ப் படுத்தாள், அந்த 8 புள்ளி எங்கே போனது என்பதுதான் அவளுடைய கவலை.

இப்படியான பிள்ளையைப் பார்த்துக் கெட்டிக்காரி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தொடங்கின வேலையை முடிக்காத சோம்பேறி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தின் கண்ணிலும் உள்ளே இருக்கிற பயம் படுவதில்லை.

எதிலும் குறையே இருக்கக்கூடாது என்கிற இந்த எண்ணத்தைப் பற்றி உளவியல்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த போல் ஹியூவிற், கோர்டன் பிளெற் என்ற இரண்டு பேர் 1991இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். நான் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே விதிப்பது ஒன்று, மற்றவர்கள் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொன்று, சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் குறையில்லாத ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் என்னை மதிக்க மாட்டார்கள் என்று நம்புவது மூன்றாவது. மூன்றிலும் ஆளைக் கூடுதலாக வருத்துவது அந்த மூன்றாவதுதான். மனச்சோர்வு, பதற்றம் எல்லாவற்றோடும் அதற்குத்தான் நெருங்கின தொடர்பு காண்கிறார்கள். பிற்பாடு தோமஸ் குரன், அன்ட்ரூ ஹில் என்ற பிரித்தானிய ஆய்வாளர்கள் 1989க்கும் 2016க்கும் இடையில் அமெரிக்கா, கனடா, பிரித்தானிய மாணவர்கள் 40,000 பேருக்கு மேல் கொடுத்த பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது முதல் வகை 10 சதவீதம் கூடியிருந்தது, மூன்றாவது வகை 33 சதவீதம் கூடியிருந்தது. அது எங்கள் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு இல்லை. ஆனால் அந்த மூன்றாவது வகை எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால், சோதனை முடிவு வந்த கிழமை ஏ9 வீதியால் ஒருக்கால் போய்வாருங்கள், போதும்.

ரியூசன் வாசல்களில் பிள்ளைகளின் படங்கள் ஆளுயரத்துக்குத் தொங்கும். சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் ஏ, அதாவது 9ஏ எடுத்தவர்கள் மேல்வரிசையில் பெரிய படமாக, 8ஏ எடுத்தவர்கள் கீழ்வரிசையில் சின்னப் படமாக. ஒரேயொரு பாடத்தில் பி எடுத்த பிள்ளை அந்தக் கீழ்வரிசையைத் தினமும் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். 5ஆம் தரப் புலமைப்பரிசிலில் 10 வயதுப் பிள்ளைக்கே 200க்கு இத்தனை என்று மாலை போட்டுப் பேஸ்புக்கில் படம் வருகிறது, வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது தன் படம் ஏன் வரவில்லை என்று. பிறகு உயர்தரம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மன்னாரும் வவுனியாவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில்தான் இருக்கின்றன. பாடங்களின் கடினத்துக்கு ஏற்பச் சமப்படுத்திக் கணக்கிடுகிற இசட் புள்ளியைத் தசமத்துக்குப் பிறகு நாலாம் இடம்வரை பார்த்து உள்ளே, வெளியே என்று தீர்க்கிறார்கள். அப்படியொரு உலகத்தில் இருந்துகொண்டு ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பிள்ளைக்குச் சொன்னால் அது எப்படி நம்பும்?

பெற்றாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே படித்தவர்கள், 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்துகொண்டு சோதனை எழுதினவர்கள், எழுதாமலே போனவர்கள், இவர்கள்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன். நாங்கள் விட்டதை நீ பிடிக்க வேணும் என்று வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பிள்ளைக்கு அது கேட்கும். அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தோளிலிருந்து கொஞ்சமாவது இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் தேடினோம்.

இந்த வகுப்புக்கு முன்னால் அக்கா அவளை வெற்றிக்கு வழி காட்டுகிற கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்பினார், யார் நடத்தினார்கள் என்பது இங்கே தேவையில்லை. மைக் பிடித்தவர் 99 எடுத்தால் அந்த ஒன்று எங்கே என்று உன்னையே கேள் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாராம். அவள் அதை ஒரு கடதாசியில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள். ஏற்கெனவே அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளை தேய்ந்துபோயிருந்தாள். இப்படிப்பட்ட பேச்சுக்கு மண்டபம் நிறையப் பிள்ளைகளை இருத்துகிறவர்கள், அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு அது மருந்து, எந்தப் பிள்ளைக்கு நஞ்சு என்று ஒருதரம் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழங்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார், அவர் நல்ல மனுசி, பிள்ளையோடு பொறுமையாகக் கதைத்தார், ஆனால் அவருக்கும் பாடவேளைகள் இருக்கின்றன, கிழமைக்கு ஒருக்கால் கிடைப்பதே பெரிய காரியம். கையால் ஏதாவது செய்ய விடுங்கள் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

இனி வகுப்புக்கு வருவோம். காலை 7 மணிக்கெல்லாம் தொடங்கிவிடும், அதற்குக் காரணம் ஓலை. வெயில் ஏறினால் ஓலை காய்ந்து முறுகும், மடக்கும் இடத்தில் வெடிக்கும். முதல்நாள் இரவு பனியில் போட்டுப் பதமாக்கின சார்வோலையை, அதாவது பனங்குருத்து ஓலையை, காலையில் எடுத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து வைத்துக்கொண்டு இருப்பார்கள். புதுப் பிள்ளைகளுக்கு முதல் ஞாயிறு முழுவதும் வார்கிற வேலைதான். இது பார்க்கச் சின்ன வேலை. ஆனால் திறமாகச் செய்ய நினைக்கிற பிள்ளைக்கு இதிலேயே சோதனை தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் ஓலை அச்சில் வார்த்தது போல இருக்காது. ஓர் ஓலை அடியில் அகலம், நுனியில் ஒடுக்கம், இன்னொன்று நடுவிலே தடிப்பு, சிலதில் ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் பச்சை. என் பெறாமகள் அடிமட்டம் கொண்டுபோயிருந்தாள். பெரியம்மா அதை வேண்டாமென்று சொல்லவில்லை, "அளந்து பார் பிள்ளை" என்றார். அவளும் அளந்து அளந்து வார்ந்தாள், மற்றப் பிள்ளைகள் ஒரு கட்டு முடித்தபோது இவளிடம் ஒரு பிடிகூட இல்லை. அடுத்த கிழமை அடிமட்டம் வீட்டிலேயே கிடந்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பெட்டி. அடி இழைப்பது லேசு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று பாய் இழைக்கிற மாதிரிப் போகும். கஷ்டம் மூலை திருப்புகிற இடத்தில்தான். தட்டையாகக் கிடந்த ஓலையை மடக்கி எழுப்பி நாலு மூலையும் ஒன்றுபோல நிற்கச் செய்ய வேண்டும், புதுக் கைக்கு ஒரு மூலை இறுக்கமாகவும் மற்றது தொய்ந்தும்தான் வரும். இவளுக்கு மூன்றாம் மூலை தொய்ந்துவிட்டது. உடனே குலைத்தாள். திரும்ப இழைத்தாள், இப்போது இரண்டாம் மூலை சரியில்லை, திரும்பக் குலைத்தாள். நான் கொஞ்சம் தள்ளி வாங்கிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குலைத்துக் குலைத்து ஓலையின் ஓரம் எல்லாம் மயிர் மயிராகக் கிளம்பி, மடிப்பு விழுந்த இடங்கள் வெளிறிப்போய், கையில் எடுத்தால் தொங்கியது. முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது, இனி எழும்பி ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

பெரியம்மா எழும்பி வரவில்லை. தன் வேலையைச் செய்துகொண்டே கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தார். "குலைக்காதை பிள்ளை, ஓலை களைச்சுப் போச்சு. இனியும் குலைச்சால் மடிப்பிலே வெடிக்கும்." அவள் அப்போ புது ஓலை தாங்கோ என்று கேட்டாள். "இது முடிய புது ஓலை தாறன்." மூலை சரியில்லையே பெரியம்மா என்றாள். பெரியம்மா அந்த மூலையைப் பெருவிரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், சரியில்லைத்தான், தொய்ஞ்சிருக்கு. நீ இரண்டாவதை மடக்கேக்கை ஓலையை இழுக்கேல்லை, அதுதான். அடுத்த பெட்டியில இழு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த வகுப்பின் திறமை என்று நான் நினைப்பது இதைத்தான், கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். இந்த மாதிரிப் பிள்ளைகளோடு கதைக்கிற பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் ஒன்றில் போவார்கள். ஒன்று, ஏன் இவ்வளவு நேரம், ஏன் சரிவரவில்லை என்று ஏசுவது. மற்றது, ஐயோ நல்லாத்தானே இருக்கு, வடிவாயிருக்கு என்று தேற்றுவது. தேற்றுவது அன்பினால்தான், ஆனால் பிள்ளைக்குக் கண் இருக்கிறது, மூலை தொய்ந்திருப்பது அதற்குத் தெரியும், நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்ன அந்த நிமிசமே உங்கள் சொல்லை அது நம்பாமல் விட்டுவிடும், பிறகு உண்மையிலேயே நன்றாகச் செய்தபோது நீங்கள் பாராட்டினாலும் அது உள்ளே இறங்காது. பெரியம்மா பிழையைப் பிழை என்றே சொன்னார், எங்கே வந்தது, ஏன் வந்தது என்றும் காட்டினார், அடுத்த பெட்டி என்று ஒன்று இருக்கிறது என்று அதோடு முடித்தார். முகத்திலே ஏமாற்றமும் இல்லை, பரிதாபமும் இல்லை. மூலை தொய்ந்ததற்கும் அந்தப் பிள்ளையின் பெறுமதிக்கும் அவருக்குள்ளே ஒரு முடிச்சும் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இதைப் பயிற்சி எடுத்துப் படித்தாரா என்றால் இல்லை, தாயிடம் பழகினது என்று சொன்னார்.

வகுப்பில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருக்கிறது. தொடங்கின பெட்டியை முடிக்காமல் அடுத்ததற்கு ஓலை கிடையாது, முடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாவிக்க வேண்டும். அலுமாரிக்கு மேலே வைக்கக்கூடாது. அடுத்த ஞாயிறு வந்தவுடன் பெட்டியில் என்ன போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பார். ஒருத்தி வெங்காயம் என்றாள், ஒரு பெடியன் மீன்பிடி நூல் என்றான். எங்கள் வீட்டில் அந்தத் தொய்ந்த மூலைப் பெட்டியில் என் அம்மா செத்தல் மிளகாய் போட்டுவைத்திருக்கிறார். தினமும் குசினிக்குள் போகும்போது பிள்ளைக்கு அது கண்ணில் படும், முதல் இரண்டு கிழமை அதை உள்ளே தள்ளி மறைத்துவைத்தாள், அம்மா வெளியே எடுத்து வைத்தார், பிறகு மறைப்பதை விட்டுவிட்டாள்.

புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இழைக்கும்போது நடந்ததையும் சொல்லவேண்டும். பெட்டியில் இடைவெளியே தெரியாமல் நெருக்கி நெருக்கி இழைக்கப் பழகிவிட்ட இவள் நீத்துப்பெட்டியையும் அதே மாதிரி இறுக்கிக்கொண்டு வந்தாள். பெரியம்மா வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆவி எதால ஏறும் பிள்ளை என்று கேட்டார். அன்றைக்கே அடுப்பில் வைத்தும் காட்டினார், ஒரு பெடியன் இழைத்த கொஞ்சம் கண்விட்ட பெட்டியில் புட்டு அவிந்து மணக்க, இவளுடையதில் நடுவில் மா பச்சையாகவே கிடந்தது. எல்லாரும் அந்தப் புட்டைச் சம்பலோடு சாப்பிட்டோம், பச்சையாகக் கிடந்ததைத் திரும்ப அவித்தார்கள். பெடியன் வலு சந்தோசம், ஏனென்றால் அவன் இழைப்பது எப்போதும் அவசர அவசரமாக, கோணல்மாணலாக இருக்கும்.

அந்தப் பெடியனும் இவளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. பயந்து பயந்து செய்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் கவலையில்லாமல் செய்கிற பிள்ளையைத்தான் பெரியம்மா இருத்துகிறார். அவன் ஓலையை முறித்துவிட்டு அதன்மேல் இன்னொன்றைச் சொருகிக்கொண்டு போவான். அப்படிச் சொருகலாம் என்பதே இவளுக்குத் தெரியாது. முறிந்த ஓலைக்கு மேலே புது ஓலையை இரண்டு கட்டத்துக்கு ஒன்றாக வைத்து இழைத்தால் அது பிடித்துக்கொள்ளும், வெளியில் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு இதைப் பெரியம்மா காட்டியிருந்தால் ஒரு பாடமாக எடுத்துக் கொப்பியில் எழுதியிருப்பாள். வயதொத்த ஒருவன் பேச்சுவாக்கில் செய்ததைப் பார்த்ததால் அவளும் பேசாமல் செய்தாள். அவனும் இவளைப் பார்த்து விளிம்பை ஒழுங்காக மடக்கப் பழகிவிட்டான் என்று கேள்வி.

சரி, பிள்ளையிடம் ஏதாவது மாறியதா? மாறியது, ஆனால் அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். கொப்பி கிழிப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. பிழையாக எழுதினதை ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டு மேலே எழுதுகிறாள், வைற்னர் போத்தல் முந்தி மாதிரி வேகமாக முடிவதில்லை. கணித வகுப்பில் விளங்காத இடத்தில் கை உயர்த்திக் கேட்டதாக அவளே வந்து சொன்னாள், அதைச் சொல்லும்போது இருந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். புள்ளி குறைந்தால் இப்போதும் அழுகிறாள். அழுதுவிட்டுச் சாப்பிட வருகிறாள். மேசைக்கு மேலே ஒட்டியிருந்த கடதாசியை எடுத்துவிட்டாள். தவணைப் பரீட்சை நெருங்கும்போது பழைய பயம் திரும்ப ஏறுகிறது, அந்த நாட்களிலும் ஞாயிறு வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று அக்காவிடம் சண்டை பிடித்துத்தான் கூட்டிப்போகிறேன், ஏனென்றால் அப்போதுதான் அது கூடுதலாகத் தேவை.

இதை மருந்து என்று நான் சொல்லவில்லை. பிள்ளை நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல் கிழமைக்கணக்காக இருந்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு சொல் விளையாட்டாக வந்தாலும், ஓலையையும் பெட்டியையும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். வெளியில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று எங்கள் சனம் இதில் பின்னடிக்கிறது. பிள்ளையை விடப் பெரிதா ஊர்ச்சொல்?

இனிக் குறைகள். முதலாவது, முற்றத்தில் ஒரு வேம்புதான் நிழல், 10 மணிக்குப் பிறகு அரைவாசிப் பிள்ளைகள் வெயிலுக்குள் வந்துவிடுவார்கள், தகரக் கொட்டில் ஒன்றாவது போட்டால் நல்லது. மலசலகூடம் ஒன்றுதான், அதுவும் வீட்டுக்குப் பின்னால் தூரத்தில். ஓலை வார்கிற கத்திகள் நல்ல கூர், முதல் நாளிலேயே கையில் கொடுக்கிறார்கள், விரல் வெட்டுகிற பிள்ளைகள் உண்டு, பிளாஸ்டர் பெட்டியை நாங்கள்தான் வாங்கி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது, மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஓட்டோ பிடிப்பதுதான் வழி. பெடியன்கள் மிகக் குறைவு, இது பெண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை, ஆனால் பிழைக்குப் பயந்து ஒடுங்குகிற பெடியன்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பெற்றார் இருக்கிற வாங்கில் ஒரு பெரிய தொந்தரவு. என்னையும் சேர்த்து யாரும் அங்கே இருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. "அங்க பார், அந்தப் பிள்ளையின்ரை எவ்வளவு நேராயிருக்கு" என்று ஒரு தாய் சொன்னவுடன் நாலு பிள்ளைகளின் கை நின்றுபோனதைக் கண்ணால் பார்த்தேன். பெரியம்மா மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். அவர் சொல்ல வேண்டும், பெற்றார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வந்தது தவணை முடிவில் வைத்த கண்காட்சியில். யாரோ உதவி செய்கிறவர்கள் கேட்டார்கள் என்று முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் பிரித்துப் பரிசு கொடுத்தார்கள், நேரான பெட்டிகளை முன்மேசையில் அடுக்கிக் கோணலானவற்றைப் பின்னுக்கு வைத்தார்கள், படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் போட்டார்கள். மூன்று மாதமாகப் பிள்ளைகளுக்குள் மெல்ல மெல்ல இறங்கின ஒன்றை ஒரு பின்னேரத்தில் கிள்ளி எறிகிற வேலை இது. பெரியம்மாவிடம் நேரிலேயே சொன்னேன். "ஓம் பிள்ளை, எனக்கும் விருப்பமில்லை, அவை ஓலைக்குக் காசு தாறவை" என்றார். அவருடைய கஷ்டம் விளங்குகிறது. பிள்ளைகள் கட்டுகிற காசு ரியூசனில் ஒரு பாடத்துக்குக் கட்டுவதை விடக் குறைவு, ஓலை வெட்ட ஆள்கூலி இருக்கிறது, சாயம் இருக்கிறது, யுத்தத்தில் பங்கருக்கு என்று தறிபட்ட பனைகளுக்குப் பதில் வைத்த வடலிகள் எல்லா இடத்திலும் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆகவே என் யோசனை, கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டட்டும், பெற்றார் நாங்கள் சேர்ந்து ஓலைக் காசைக் கொடுப்போம், அந்தப் பரிசுமேசை வேண்டாம்.

1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கின காலத்திலிருந்து பன்ன வேலை என்றால் வருமானம், தொழிற்பயிற்சி, விற்பனை என்ற பேச்சாகத்தான் இருக்கிறது, அது தேவையான பேச்சுத்தான், இதை வைத்தே குடும்பம் நடத்துகிற பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மனதுக்கும் இது உதவும் என்று யாராவது பாடசாலை மட்டத்தில் யோசித்தால் நல்லது. ஆனால் அதைப் பாடமாக்கிப் புள்ளி போடத் தொடங்கினால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

யாரை அனுப்பலாம்? பிழைக்குப் பயந்து ஒதுங்குகிற பிள்ளையைக் கட்டாயம் அனுப்பலாம், ஆனால் இதற்காகத்தான் அனுப்புகிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள், சொன்னால் பிழைவிடப் பழகுவதையும் திறமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்ளும். கைவேலையில் கொஞ்சமும் விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதில் பிரயோசனமில்லை, அதற்குத் தோட்டமோ மேளமோ வேறு ஏதாவது பாருங்கள். ஒரு தவணைக்குக் குறைவாகப் போனால் வார்கிற வேலையோடு முடிந்துவிடும், ஆகக் குறைந்தது இரண்டு பெட்டியாவது முடிக்கும்வரை விடுங்கள்.

அடுத்த பிரிவு தைப்பொங்கல் கழிந்து வருகிற ஞாயிறு தொடங்குகிறது. போகிறவர்கள் ஒரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பிளாஸ்டர், இருக்க ஒரு பழைய பாய் கொண்டுபோங்கள். காலை 6.30க்கே போய்விட்டால் வேம்பின் கீழ் இடம் கிடைக்கும்.